வேண்டாத பாலிசியும் விடாத வருத்தமும்: இன்றைய தேதியிலிருந்து கணக்குப் போடும் வழி

சொந்தக்காரர் சொன்னார் என்றோ, மார்ச் மாத வரி அவசரத்திலோ ஒரு எண்டோமென்ட் பாலிசியில் (ஆயுள் காப்பும் சேமிப்பும் சேர்ந்தது) கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சில வருடம் கழித்துத்தான் அதில் கிடைக்கும் வருமானம் எவ்வளவு குறைவு என்று தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரீமியம் எஸ்.எம்.எஸ். வரும்போதும் வயிறு எரிகிறது. கட்டவும் மனமில்லை, விடவும் மனமில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வருத்தம் ஆளை இரண்டு பக்கமும் இழுக்கும். "இவ்வளவு கட்டியாச்சு, வீணாகிவிடக் கூடாது" என்று ஒரு பக்கம், "ஏமாந்துவிட்டோம், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம்" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நேற்றைய பணத்தைப் பற்றிய பேச்சு. முடிவை எடுக்க வேண்டியது இன்று கையில் இருப்பதையும் இனிமேல் கட்டப்போவதையும் வைத்து. அந்தக் கணக்கைப் போட்டு முடித்தால் வருத்தத்தில் பாதி தானாகக் கரையும். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையா? மேலே எதுவும் படிக்க வேண்டாம். 'ஃப்ரீ லுக்' காலத்தில் இருக்கிறீர்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அந்தச் சில நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் அவரிடம் விட்டுவிடாதீர்கள். 30 நாள் அப்படித்தான் கழியும்.

30 நாள் தாண்டிவிட்டால், கட்டிய பணத்தில் ஏதாவது கைக்கு வர எத்தனை வருட பிரீமியம் முழுதாகக் கட்டியிருக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். பத்து வருடமும் அதற்கு மேலும் காலம் கொண்ட பழைய பாலிசிகளில் பெரும்பாலும் 3 வருடம். 2019 விதிமுறைகளுக்குப் பிறகு வந்த திட்டங்களில் 2 வருடம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி விற்கப்படும் திட்டங்களில், முதல் ஆண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டி அந்த ஆண்டும் முடிந்திருந்தாலே ஒரு தொகை உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பது பாண்டிலேயே, அதாவது பாலிசி ஆவணத்திலேயே இருக்கும். 'சரண்டர்' (பாலிசியைப் பாதியில் முடித்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது), 'பெய்டு அப்' (கீழே விளக்கியிருக்கிறேன்) என்ற தலைப்புகளைத் தேடிப் படியுங்கள்.

யூலிப் பாலிசி (பணத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் வகை) என்றால் கணக்கு வேறு. அதில் 5 வருடப் பூட்டு உண்டு. இந்தக் கட்டுரை போனஸ் தரும் பழைய பாணி பாலிசிகளுக்கு மட்டும்.

2. கிளையிலிருந்து நான்கு எண்களை எழுத்தில் வாங்குங்கள்

வாய்வார்த்தை வேண்டாம். உங்கள் பாலிசியைக் கவனிக்கும் கிளைக்கு, அதாவது சர்வீசிங் பிராஞ்சுக்கு, பாலிசி எண் போட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நிறுவனத்தின் இணையக் கணக்கிலும் சில எண்கள் கிடைக்கும். கேட்க வேண்டியவை:

- இன்றைய தேதியில் சரண்டர் மதிப்பு எவ்வளவு?
- அடுத்த பிரீமியத்தைக் கட்டிய பிறகு சரண்டர் மதிப்பு எவ்வளவு?
- இப்போதே பெய்டு அப் ஆக்கினால், முதிர்வில் கிடைக்கும் தொகை எவ்வளவு? (சேர்ந்த போனஸோடு)
- இதுவரை சேர்ந்த போனஸ் எவ்வளவு, பாலிசி மேல் கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா?

பலர் கேட்காமல் விடுவது இரண்டாவது கேள்வி. சில வருடங்களில் ஒரு பிரீமியம் கூடுதலாகக் கட்டினால் சரண்டர் மதிப்பு அந்தப் பிரீமியத்தை விட அதிகமாக ஏறும். அப்படி இருந்தால் ஒரு மாத அவசரத்தால் நஷ்டப்படுவீர்கள்.

'பெய்டு அப்' என்ற சொல் புதிதாக இருக்கலாம். இனிமேல் பணம் கட்டமாட்டேன், கட்டியதையும் இப்போது கேட்கமாட்டேன், கட்டிய விகிதத்துக்கு ஏற்பக் குறைந்த தொகையை முதிர்வு தேதியில் கொடுங்கள் என்பதே அதன் அர்த்தம். புதிய போனஸ் சேராது. ஆயுள் காப்பும் அந்த விகிதத்துக்குக் குறையும். தொடர்வது, சரண்டர் என்று இரண்டு கதவுகள்தான் இருப்பதாக நினைத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது கதவு இதுதான்.

3. கட்டிய தொகையை அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே இதுவரை கட்டிய மொத்தத் தொகையை எழுதுங்கள். பேனாவால் அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த எண் அடிபடாமல் தாளில் இருக்கும்வரை கண் அங்கேயே போகும். கீழே வரும் எந்தக் கணக்கிலும் அது வராது.

இப்போது ஒரு எடுத்துக்காட்டு. ஆண்டு பிரீமியம் 50,000 ரூபாய், காலம் 20 வருடம், காப்புத் தொகை 10 லட்சம். போனஸ் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அதாவது வருடத்துக்கு 40,000. இந்த விகிதம் மாறாமல் இருந்தால் முதிர்வில் 10 லட்சமும் போனஸ் 8 லட்சமுமாக 18 லட்சம். இருபது பிரீமியத்துக்கு 18 லட்சம் என்றால், பங்கு போட்டால் ஒவ்வொரு 50,000மும் முதிர்வு நாளில் 90,000 ஆகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதல் வருடம் கட்டிய 50,000, 90,000 ஆவதற்கு 20 வருடம் காத்திருக்கிறது. அது ஆண்டுக்கு 3 சதவீதம்கூட முழுதாக இல்லை. ஆனால் கடைசி வருடம் கட்டும் 50,000 ஒரே வருடத்தில் 90,000 ஆகிறது. போனஸ் கூட்டு வட்டி போலக் குட்டி போடாமல் காப்புத் தொகையின் மேல் மட்டும் கணக்கிடப்படுவதால் வரும் விளைவு இது. அதாவது, மோசமான வருமானம் தரும் பிரீமியங்கள் நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டவை. நல்ல வருமானம் தருபவை இனிமேல் கட்டப்போகிறவை. கோபத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது வருடத்தில் சரண்டர் செய்பவர்கள், கசப்பை முழுக்கத் தின்றுவிட்டு இனிப்பு வரும்போது இலையை மடிக்கிறார்கள்.

எண்ணாகவே பாருங்கள். இதே பாலிசியில், பெய்டு அப் ஆக்காமல் தொடர்ந்தால், இனிமேல் கட்டும் பணத்துக்கு மட்டும் கிடைக்கும் ஆண்டு வருமானம்:

- 3 பிரீமியம் கட்டியிருந்தால்: சுமார் 6.2 சதவீதம்
- 6 பிரீமியம் கட்டியிருந்தால்: சுமார் 7.5 சதவீதம்
- 12 பிரீமியம் கட்டியிருந்தால்: சுமார் 13 சதவீதம்

ஒப்பிட்டுப் பார்க்க, பி.பி.எஃப். (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி 2020 ஏப்ரலில் நிர்ணயித்த 7.1 சதவீதம். அதற்கும் வரி கிடையாது.

உங்கள் எண்களை வைத்து இதைப் போட எக்செல்லில் 'ரேட்' என்ற ஃபார்முலா போதும். ஃபார்முலாவின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் வரிசையாக ஐந்து எண்கள்: மீதி வருடங்கள், பிரீமியம் (முன்னால் கழித்தல் குறியோடு), பூஜ்யம், முதிர்வுத் தொகையிலிருந்து பெய்டு அப் தொகையைக் கழித்தது, கடைசியில் 1. ஆறு பிரீமியம் கட்டியவருக்கு இது 14, -50000, 0, 1260000, 1. பெய்டு அப் தொகை 5.4 லட்சம் என்பதால் 18 லட்சத்தில் அதைக் கழித்து 12.6 லட்சம் வந்தது. கழித்தல் குறியை மறந்தால் விடை பிழையாக வரும். எல்லோரும் ஒரு தடவை இதில் தடுக்கி விழுவார்கள்.

அடுத்த கேள்வி, பெய்டு அப்பா சரண்டரா? அதே ஆறு வருடக்காரருக்குக் கிளை சொன்ன சரண்டர் மதிப்பு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 3 லட்சம், கிடைப்பது 2 லட்சம் என்று மனம் பதறும். அதற்காகத்தான் அந்தக் கோடு. இன்றைய 2 லட்சத்தை அங்கேயே விட்டால் 14 வருடம் கழித்து 5.4 லட்சம். அது ஆண்டுக்கு சுமார் 7.35 சதவீதம். இதற்கும் அதே ஃபார்முலாதான்: 14, 0, -200000, 540000. பெரும்பாலும் வரியும் இல்லை. இந்த 2 லட்சத்தை எடுத்து வங்கி டெபாசிட்டில் போட்டு வட்டிக்கு வரி கட்டுவதற்காகச் சரண்டர் செய்வதில் பொருளே இல்லை.

சரண்டர் தெளிவாகச் சரியாக இருக்கும் இடமும் உண்டு. கிரெடிட் கார்டு பாக்கி, நகைக்கடன், தனிநபர் கடன் என்று இரண்டு இலக்க வட்டி ஓடிக்கொண்டிருந்தால், 7 சதவீதத்தில் தூங்கும் பணத்தை எடுத்து அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். இதில் தயக்கமே வேண்டாம்.

மேலே வைத்த போனஸ் விகிதம் எடுத்துக்காட்டுக்குத்தான். வருங்கால போனஸுக்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் பாலிசிக்குக் கடந்த சில வருடங்களில் அறிவித்த விகிதத்தை எடுத்து, அதில் ஐந்து ரூபாய் குறைத்தும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். முடிவு மாறவில்லை என்றால் தைரியமாக நடக்கலாம்.

4. ஏழு நாள் ஆறப்போடுங்கள்

கணக்குப் போட்ட அன்றே கிளைக்கு ஓடாதீர்கள். ஆண்டு, அரையாண்டு, காலாண்டு பிரீமியத்துக்குக் கெடு தேதி தாண்டி 30 நாளும், மாதப் பிரீமியத்துக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. அந்த நாட்களில் காப்பும் தொடரும். ஆகவே அவகாசம் இருக்கிறது.

இந்த ஏழு நாளில், அதே தாளின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி எழுதுங்கள். பாலிசி எடுத்த அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன? பிறகு தெரிந்துகொண்டது என்ன? பெரும்பாலானவர்களின் முதல் பத்தி இப்படித்தான் இருக்கும்: வேலைக்குச் சேர்ந்த புதிது, வரி மிச்சப்பட வேண்டும், கேட்டவர் தெரிந்தவர், கட்டினால் மொத்தமாக ஒரு தொகை வரும் என்றார்கள். பெய்டு அப் என்ற சொல்லோ ஆண்டு வருமானக் கணக்கோ அதில் இருக்காது. அவை இரண்டாவது பத்திக்கு உரியவை. இரண்டாவது பத்தியில் இருப்பதை வைத்து முதல் பத்தியில் இருந்தவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். எழுதிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும், மனதுக்குள் ஓட்டினால் படாது. வீட்டில் கணவனோ மனைவியோ "அன்னைக்கே சொன்னேன்" என்று தொடங்கினால், இந்தத் தாளை எடுத்து இருவருமாகப் படியுங்கள்.

5. டேர்ம் பாலிசி கைக்கு வராமல் பழையதைத் தொடாதீர்கள்

இது மீறக் கூடாத வரிசை. உங்களை நம்பி ஆட்கள் இருந்தால், ஆண்டு வருமானத்தில் 10 முதல் 15 மடங்குக்கு ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பு) எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதற்கு முன் டேர்ம் பிரீமியத்தில் 18 சதவீதம் வரியாகப் போனது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். புதிய பாலிசிக்கு முதல் 3 வருடம் கேள்வி கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. உடல்நிலை காரணமாக டேர்ம் கிடைக்காமல் போனாலோ பிரீமியத்தைப் பல மடங்கு ஏற்றினாலோ, நீங்கள் வெறுத்த பழைய பாலிசி தரும் காப்பு விலைமதிப்பானது. அப்போது மேலே போட்ட சதவீதக் கணக்கை மூடிவைத்துவிட்டுத் தொடருங்கள்.

6. ஆவணங்கள்

சரண்டருக்குக் கொண்டுபோக வேண்டியவை:

- அசல் பாலிசி பாண்டு
- சரண்டர் படிவம் (கிளையிலேயே கிடைக்கும், நிறுவனத்தின் இணையதளத்திலும் இருக்கும்), கையெழுத்துக்கு 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்
- பெயர் அச்சிட்ட கேன்சல் செக், இல்லையேல் பாஸ்புக் முதல் பக்க நகல், வங்கிக் கணக்கில் செலுத்துவதற்கான படிவம்
- பான், ஆதார் நகல்

பாண்டைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துவையுங்கள். விண்ணப்பம் கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.

காரியம் தள்ளிப்போவது பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்:

பாண்டு தொலைந்திருக்கும். முத்திரைத் தாளில் இழப்புறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும், ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். இதற்குத் தனியாக இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

பாலிசியை வீட்டுக்கடனுக்கு அடமானமாக எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கடன் முடிந்திருந்தாலும் வங்கி அதைத் திரும்ப உங்கள் பெயருக்கு எழுதித் தந்தால்தான் சரண்டர் செய்ய முடியும்.

பெயர் எழுத்துகள் பொருந்தாது. பாண்டில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். நம் ஊரில் இது ரொம்ப சாதாரணம். கேன்சல் செக்கில் உள்ள பெயரும் பாண்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த பாலிசியாக இருக்கும். அது மனைவி, மக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட்டுச் சரண்டர் செய்ய முடியாது.

பெய்டு அப் ஆக்க பெரும்பாலும் தனி விண்ணப்பம் தேவையில்லை. தேவையான வருடங்களுக்குக் கட்டியிருந்தால், கட்டுவதை நிறுத்தியதும் அந்த நிலைக்குப் போய்விடும். ஆனால் வங்கியில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்வது உங்கள் வேலை. கெடு தேதிக்குப் பத்து நாள் முன்பே செய்துவிடுங்கள். பிறகு "பெய்டு அப் மதிப்பு இவ்வளவு" என்று எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

7. வரி

2012 ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்த பாலிசியில் ஆண்டு பிரீமியம் காப்புத் தொகையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால், சரண்டர் தொகைக்கும் பொதுவாக வரி இல்லை. ஒரே தடவை மொத்தமாகக் கட்டும் பாலிசிகள் பல இந்த வரம்பைத் தாண்டியிருக்கும். அவற்றில் லாபத்துக்கு வரி உண்டு, 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம் பிடித்தமும் உண்டு. இரண்டு வருடம் கட்டாமலே பாலிசியை முடித்தால், பழைய வரி முறையில் 80சி பிரிவில் எடுத்த சலுகை திரும்ப வருமானத்தில் சேரும். பெரிய தொகை என்றால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

8. விற்றவர் சொந்தக்காரராக இருந்தால்

ஆவணத்தை விட இதுதான் பலருக்குக் கஷ்டம். ஒவ்வொரு வருடம் நீங்கள் கட்டும்போதும் ஏஜென்டுக்குப் புதுப்பிப்புக் கமிஷன் உண்டு, அது அவருக்கு வருமானம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் காட்டாதீர்கள். கிளைக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது, பிறகு தெரிந்தால்தான் மனக்கசப்பு. நீளமாகப் பேசாமல் இவ்வளவு போதும்:

"சித்தப்பா, உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கிற செலவுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தோம், இத நிறுத்திடலாம்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணிட்டோம். கிளையில ஏதாவது கையெழுத்து வேணும்னா உங்களக் கேக்கறேன்."

பழைய நஷ்டத்தை எண்ணாகச் சொல்ல வேண்டாம். சொன்னால் பேச்சு அன்றைய தினத்துக்கே திரும்பிப் போகும். "இதுக்குப் பதிலா வேற ஒரு நல்ல பாலிசி இருக்கு" என்பார். வங்கியில் போனாலும் இதே பேச்சு வரும். ஆறு மாதத்துக்கு டேர்ம் தவிர எந்தப் புதுப் பாலிசியிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பழைய தவறை ஈடுகட்டும் வேகத்தில் எடுப்பதுதான் அடுத்த தவறாக முடிகிறது.

பாலிசியை நிறுத்தியவர்களைத் தேடி வரும் தொலைபேசி மோசடியும் உண்டு. "உங்க பாலிசியில போனஸ் தங்கிப்போச்சு, வரி கட்டினா ரிலீஸ் ஆகும்" என்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் யாருக்கும் போன் செய்து போனஸ் தருவதில்லை. ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், உடனே துண்டியுங்கள்.

9. பணம் வரவில்லை என்றால்

ஆவணங்கள் சரியாக இருந்தால் 7 நாளில் பணம் வர வேண்டும் என்பது 2024இல் ஆணையம் வகுத்த கெடு. வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து 'பீமா பரோசா' இணையதளம், அல்லது 155255 என்ற இலவச எண். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

10. பிரீமியம் தேதியை விட்டுவிடாதீர்கள்

பாலிசி நின்ற பிறகு, அந்த 50,000 வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் செய்த கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். அதனால் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்கிற அதே நாளில், அதே தேதிக்கு இன்னொரு தானியங்கிப் பரிமாற்றம் போடுங்கள். கடன் இருந்தால் கடனுக்கு, இல்லையேல் பி.பி.எஃப். அல்லது நீங்கள் புரிந்துகொண்ட ஏதாவது ஒன்றுக்கு. ஆண்டுக்கு 50,000 என்பது மாதம் 4,167 ரூபாய்.

கணக்குப் போட்ட தாளில் எடுத்த முடிவு, தேதி, காரணம் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, பாண்டு நகல், ஒப்புகைச் சீட்டு, வங்கி வரவுப் பக்கம் இவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்தக் கோப்பு தேவைப்படும். எப்போதாவது இரவில் பழைய நினைப்பு வந்து மறுபடி கணக்குப் போடத் தோன்றினாலும் அதே தாளை எடுத்துப் படியுங்கள், புதுத் தாள் எடுக்காதீர்கள்.